பதினாறாவது ஆடு

மெரில்லே சந்தை. செவ்வாய்க்கிழமை.
கைப்பேசி கேட்கிறது:
எத்தனை ஆடு வந்தது, எத்தனை விலைபோனது?
புழுதிக்குள் தெரிகிற கால்களை எண்ணி
நான்கால் வகுக்கிறாள் நொல்மொங்கென்.
கொழுத்ததா, நடுத்தரமா, மெலிந்ததா,
மூன்று படத்தில் ஒன்றைத் தொட வேண்டும்.
பதிலுக்குப் பத்து ஷில்லிங், பேசித் தீர்க்கலாம்.

பதினாறாவது ஆடு அவளுடையது.
தரகன் ஹல்கானோ விலாவைத் தடவினான்,
பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.
"இரண்டாயிரத்து எண்ணூறு."
போன வாரம் நாலாயிரம்.
மகனுக்கு மருத்துவமனையில் இன்றே கட்டியாக வேண்டும்.

ஏன் விற்றாய் என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
கட்டைவிரல் கொஞ்சம் நின்றது.
நாலாயிரம் என்று போட்டால் மானமாவது மிஞ்சும்.
ஆனால் லைசாமிஸில், லோகோலோகோவில்
மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்பலாமா என்று
யாரோ இந்த எண்ணுக்காகக் காத்திருப்பார்கள்.
2800.
மெலிந்தது.
அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய் லாரி
பாதிகூட நிறையவில்லை.
சக்கர நிழலில் உட்கார்ந்து
ஹல்கானோ திரையைத் தேய்க்கிறான்:
"எவன் எழுதினான் இந்த விலையை?"

எவனும் இல்லை.
கூட்டத்தோடு கூட்டமாய்க் கடக்கிறாள்.
விற்ற அன்று கழுத்திலிருந்து அவிழ்த்த மணி
இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது,
அடிக்கு ஒருதரம்
வாய் திறந்துகொண்டு.