சிவப்பு ஜாக்கெட்

காலை ஒன்பதரைக்குக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் என் பிள்ளைகள்.
ஆரஞ்சு நிறக் கயிறு,
முழங்கால் உயரம்கூட இல்லை,
தாண்டக் கூடாது.

என் வரிசையில் ஐந்து பேர்.
வியன்னாவிலிருந்து வந்த இரட்டையர்,
கையுறையைத் தின்னும் ஒரு பையன்,
பூட்ஸை மாட்டி முடித்த கணமே ஒன்றுக்கு வரும் சாக்ரெப் பெண்,
பெயர் கேட்டால் டைனோசர் என்கிற ஒருவன்.
இவர்களைப் பெற்றவர்கள்
இரண்டு மணி நேரத்தை என்னிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு
உச்சிக்குப் போய்விட்டார்கள்.
குறை சொல்லவில்லை.
வருடத்தில் ஏழு நாள்தான் அவர்களுக்குப் பனி.

காஷ்பெரின் வரிசையில் கடைசி ஆள் லோவ்ரோ.
ஆறு வயது. தலைக்கவசத்தில் ஒட்டிய நண்டு.
அவனுக்கு முன்னால் நாலு வயது ஸாலா,
பனியில் உட்கார்ந்து
பனியைப் பற்றிப் பனியிடமே முறையிடுகிறாள்.

பெற்ற பிள்ளைக்குப் பெற்றவள் கற்றுத்தர வேண்டாம்
என்பது எங்கள் பள்ளியில் எழுதாத விதி.
நான் மீறிப் பார்த்தேன், போன குளிர்காலம்.
மூன்றாம் நாள் லோவ்ரோ
சறுக்குக்கட்டையைக் காட்டுக்குள் வீசினான்.
அது இன்னும் ஒரு தேவதாருக் கிளையில் தொங்குவதாக
லிஃப்ட் ஓட்டும் என் கணவன் மித்யா
ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஆகவே காஷ்பெர்.
அவன் சொன்னால் முழங்கால் மடிகிறது.
அவன் சொன்னால் முன்நுனிகள் கூடி, பின்பக்கம் விரிந்து
பீட்சாத் துண்டாகின்றன கட்டைகள்.
நான் சொன்னால்
மூக்கு ஒழுகுகிறது.

பதினொரு மணி வாக்கில் லோவ்ரோ விழுந்தான்.
எனக்குத் தெரியும் அந்த விழுதல்,
யார் பார்த்தார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு
அப்புறம் வலிப்பது.
பார்த்தேன். அவனும் பார்த்தான்.
அந்த நேரம் பார்த்து டைனோசர் என் கால்களுக்கு நடுவே புகுந்து
இருவரும் சரிந்தோம்.
நிமிர்ந்தபோது அவன் எழுந்திருந்தான்.
காஷ்பெர் அவன் முதுகுப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அவ்வளவு தூரத்துச் சத்தம் எனக்குக் கேட்க நியாயமில்லை.
கேட்டது.

பிள்ளைகளைத் திரும்பப் பெற வந்த ஒரு தகப்பன் கேட்டார்:
"மதியம் நாங்களே கூட்டிப் போகலாமா?
கற்றதெல்லாம் கெட்டுவிடாதா?"
கெடாது என்றேன்.
வயிறு நிறைய சூப் கொடுங்கள்,
ரொம்பச் சுலபமான சரிவுக்குப் போங்கள்,
வாயைத் திறக்காதீர்கள்.
தலையாட்டினார்.
எவ்வளவு எளிதாய் வருகிறது, அடுத்த வீட்டுக்கு.

மூன்றரைக்கு என் வேலை முடியும்,
நாலுக்கு லிஃப்ட் நிற்கும்.
அந்த அரை மணிதான் குடும்பம்.
வேகமாய்ப் போனால் மூன்று இறக்கம்.
ஸாலாவோடு என்றால் ஒன்றரை.

இருக்கை மேலேறும்போது கேட்டாள்:
"இப்போ நீ டீச்சரா, அம்மாவா?"
அம்மாதான்.
"அப்போ ஏன் சிவப்பு ஜாக்கெட்?"
பதில் தேடுவதற்குள் மூன்று கம்பங்கள் கடந்தன.
உச்சியில் இறங்கி அதைக் கழற்றி
இடுப்பில் கட்டினேன்.
மைனஸ் ஏழு.
கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு கண்ணிலும்
காற்று தன் ஊசியைக் கோத்துப் பார்த்தது.

பாதி வழியில் லோவ்ரோவின் தோள்
மலைப் பக்கம் சாய்ந்தது.
தப்பு. கலப்படமில்லாத தப்பு.
பதினோரு வருடமாய் நான் திருத்திவரும் தப்பு.
"தோ" வரை வந்துவிட்டது.
மிச்சத்தை விழுங்கினேன்,
கல்போல் இறங்கியது.
அவன் சாய்ந்தபடியே போனான்.
விழவில்லை.
எனக்குப் பின்னால் ஸாலா
காஷ்பெரின் குரலில் தனக்குத் தானே
பீட்சா, பீட்சா, பீட்சா என்று
உத்தரவிட்டுக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில், நாலாக ஒரு நிமிடம்.
"இன்னொண்ணு?" என்றான் லோவ்ரோ,
என்னிடம் அல்ல, கண்ணாடி அறையைப் பார்த்து.
மித்யா என் கம்பளிச் சட்டையைப் பார்த்தான்,
கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு நாற்காலியைத் திருப்பி
கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.