இரண்டிலிருந்து ஐந்துக்குள்

செவ்வாய்க்கிழமை, இரண்டிலிருந்து ஐந்துக்குள்
அழைப்போம் என்றார்கள்.
எண் தெரியாது. 'தனிப்பட்ட எண்' என்றுதான் திரையில் வரும்.

நான் டிராம் ஓட்டுகிறவள். ரீகாவில், பதினொன்றாம் தடம்.
பலகையில் இரண்டு ஏழு என்றிருந்தால்
இரண்டு ஏழுக்குக் கதவை மூடுவேன்.
யாரையும் நான் மூன்று மணிநேரம்
'எப்போதாவது' என்று நிறுத்தி வைத்ததில்லை.

செல்பேசி பைக்குள், பை இருக்கைக்கு அடியில்.
ஓட்டும்போது தொட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
காலடியில் ஏதோ அதிர்ந்தது.
தண்டவாளமாக இருக்கும்.
திரும்பவும் அதிர்ந்தது. தண்டவாளமாகவே இருக்கட்டும்.

மெஷாபார்க்ஸில் பைன் மரங்களோடு தடம் முடிகிறது.
ஆறு நிமிட ஓய்வு.
கழிப்பறைக்குப் போகலாம், அல்லது கேட்கலாம்.
கேட்டேன்.

"வணக்கம் இங்குனா. கரு நன்றாக வளர்கிறது.
வியாழன் காலை ஒன்பது இருபதுக்கு வந்துவிடுங்கள்.
ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு.
வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம்."

நான் ஸாண்டா.

பெயர் முதலில்தான் வந்தது.
ஆளில்லாத நிறுத்தத்தைத் தாண்டுவதுபோல
காது அதைத் தாண்டிப் போய்விட்டது.
இரண்டாம் முறை கேட்கும் வரை,
நாற்பது வினாடி இருக்கும்,
அது எனக்குத்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

திருப்பி அழைத்தேன்.
லாத்விய மொழிக்கு ஒன்று. நோயாளி என்றால் மூன்று.
வரிசையில் நீங்கள் பதினொன்றாவது ஆள்.
பதினொன்று! என் தடத்து எண்ணே என்னைக் கேலி செய்தது.
ஒன்பதாவது ஆளாக நகர்ந்தபோது நேரமாகிவிட்டது;
துண்டித்துவிட்டுக் கிளம்பினேன்.

நகரத்தின் மறுமுனையில் மீண்டும். பதினான்காவது ஆள்.
நோர்முண்ட்ஸின் குறுஞ்செய்திகள் ஐந்து,
ஐந்திலும் ஒரே கேள்வி: ஏதாவது சொன்னார்களா?
சொன்னார்கள். வேறொருத்தியிடம் சொல்ல வேண்டியதை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு மனிதக் குரல் கிடைத்தது.
தட்டச்சும் சத்தம். பிறகு தட்டச்சாத சத்தம்.
"மன்னியுங்கள். பட்டியலில் ஒரு வரி இறங்கிவிட்டது.
உங்களுடையவை மூன்றும்...
மூன்றாம் நாளைத் தாண்டவில்லை, ஸாண்டா."

டிராமுக்கு வெளியே ஒரு கிழவர்
கண்ணாடியைத் தட்டிக் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"அப்படியானால், எனக்கான செய்தி
அவள் பெட்டியில் கிடக்கிறதா?"

பதில் இல்லை. தொடர்பு மட்டும் இருந்தது.

"என்னை விடுங்கள். முதலில் அவளைக் கூப்பிடுங்கள்.
எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப.
ஐந்து மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள்."
பயணிகளிடம்கூட நான் இவ்வளவு கத்தியதில்லை.

அன்றிரவு நோர்முண்ட்ஸ் உருளைக்கிழங்கை
உரித்துக்கொண்டே இருந்தான்,
நாலு பேருக்குக் காணும் அளவுக்கு.
நிறுத்து என்று இருவருமே சொல்லவில்லை.

வியாழன் ஒன்பது ஏழு. மருத்துவமனை நிறுத்தம்.
பின்கதவில் ஒரு பெண் இறங்குகிறாள்,
ததும்பும் பாத்திரம்போலத் தன்னையே பிடித்துக்கொண்டு.
கையில் தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி காலி.
அவளாக இருக்கலாம்.
பிளாட்டினிஸ் பார்க்கப் போகிறவளாகவும் இருக்கலாம்.

பனி உறைந்த நடைபாதையில் அவள் இரு கால்களும் ஊன்றும் வரை
கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
பிறகும் கொஞ்சம்.

கட்டுப்பாட்டு அறை கேட்டது:
பதினொன்று, இருபது வினாடி தாமதம். என்ன காரணம்?

கதவு, என்றேன்.