பெட்டி திறந்த நேரங்கள்

மருந்துப் பெட்டியின் மூடிக்குள்
விரல்நகம் அளவில் ஒரு சிம்.
யார் திறந்தாலும் பரேலில்
எங்கள் ஆறாவது மாடிக்குத்
தேதியும் நேரமும் வந்துவிடும்.
ஒரு திறப்பு என்றால் ஒரு வேளை மருந்து.
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்,
ஆய்வு நெறிமுறை, மூன்றாம் பக்கம்.

நூற்றுத் தொண்ணூறு பெட்டிகள்
மான்குர்த், கோவண்டி, செம்பூர் முகாம் எங்கும்.
காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை.
ஆட்கள் தவறவிடுவார்கள்.
தவறவிடுவதை அளக்கத்தானே எங்களுக்குச் சம்பளம்.
ஞாயிறுகளில் ஒரு பொத்தல் விழும்.
ஈத், சட் பூஜை, ஊர்ப் பயணம் என்றால்
நீளமாகக் கிழியும்.
ஜூலையில் தண்ணீர் புகுந்த நான்கு நாள்
ஒரு வார்டே வாய் திறக்கவில்லை.

எண் நூற்றுப் பதினேழு மட்டும்
ஒரு நாளும் விடவில்லை.
விடிகாலை நாலு பத்து.
இரவு பதினொன்றரை.
சில நாள் மத்தியானமும்.
செப்டம்பர் ஒன்பதாம் தேதி இருபத்தாறு தடவை.

"சென்சார் கோளாறு. தூக்கிவிடு,"
என்றான் புள்ளியியல் பார்க்கும் கானோல்கர்,
வடா பாவிலிருந்து கண்ணெடுக்காமல்.
தூக்கிவிடலாம்தான். ஒரு விசை.
ஆனால் கோளாறுக்கு எதற்கு
தினமும் நாலு பத்துக்கு விழிப்பு வருகிறது?

புதன்கிழமை ஹார்பர் லைன் பிடித்துப் போனேன்.
சந்தின் எண்ணைச் சொல்லக் கூடாது,
பெயரையும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஜரிகைச் சட்டத்தின் மேல் குனிந்திருந்தவள்
பெட்டி என்றதும்
முதலில் வாசலைப் பார்த்தாள்.
பிறகு திறந்து காட்டினாள்.
(பரேலில் அந்த நொடி பதிவாகியிருக்கும்:
பன்னிரண்டு நாற்பத்தாறு.)

மாத்திரை ஒன்றுகூட இல்லை.
நாலாய் மடித்த நோட்டுகள்,
ஒற்றைத் தோடு,
இன்னொரு தோட்டுக்கு அடகுச் சீட்டு.

"இதை மட்டும்தான் இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.
ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.
அவருக்குத்தான் அதிகப் பயம்."
சிரித்தாள். இருமல் வரவில்லை.

மாத்திரை?
"டீத்தூள் டப்பாவில்.
மருந்து மறக்கும், டீ மறக்குமா?"

செப்டம்பர் ஒன்பது?
ஊசியைச் சட்டத்தில் குத்தி வைத்தாள்.
"பெண்ணுக்குப் பரீட்சைக் கட்டணம். கடைசி நாள்.
எண்ணினேன். எண்ணூறு குறைந்தது.
மறுபடி எண்ணினேன்."

திரும்பி வந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒன்று மறதி, இரண்டு பக்கவிளைவு,
மூன்று பயணம், நான்கு கருவிக் கோளாறு,
ஒன்பது மற்றவை.
மற்றவையை எழுத
நாற்பது எழுத்துக்கு இடம்.

"சாப்பிட்டாளா, இல்லையா?" என்றான் கானோல்கர்.
சாப்பிட்டிருக்கிறாள். சளியில் கிருமி இல்லை.
"அப்படியானால் பெட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது."
ஆமாம்.
தவறான எல்லாவற்றையும் கூட்டினால்
சில சமயம் சரியான விடை வருகிறது.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
உண்மையை நாற்பது எழுத்தில் சொல்லிவிட்டால்
அந்த வீட்டின் ஒரே பூட்டு உடையும்.
நான்கு என்று அடித்தேன்.
அவனும் அதைத்தானே சொன்னான்.

அன்றிலிருந்து
ஒழுங்கான வரிசைகளைக் கண்டால் சந்தேகம்.
எண் ஐம்பத்திரண்டு, தினமும் மாலை ஏழு.
நீ எதை வைத்திருக்கிறாய்?

ஆறு மாதம் முடிந்தது.
பெட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும்.
நூற்று எண்பத்தொன்பது வந்தன.
தொலைந்தவை: ஒன்று.
என் சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு பிடித்தார்கள்.

சிம்முக்கு மார்ச் வரை காசு கட்டியிருக்கிறது.
ஆய்வுக்குத் தேவையில்லாத தரவு,
வேறு யாரும் பார்ப்பதில்லை.
இன்று காலை நாலு பன்னிரண்டு.
இரண்டு நிமிஷம் தாமதம்.
உடம்புக்கு ஏதாவதோ என்று
மத்தியானம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.