நான்கு சென்டிமீட்டர்

ஆண்டுத் திறன் மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது.
ஒன்று முதல் ஐந்து வரை
எனக்கு நானே போட்டுக்கொள்ள வேண்டும்.
முதல் வரி: வளங்களைத் திறம்பட ஒருங்கிணைக்கிறீர்களா.
கேள்விக்குறி இல்லை.
மேசையில் மீ கோரிங் ஆறிக்கொண்டிருக்க
நான் நினைப்பதெல்லாம்
போன மாதத்துப் பதினான்காம் படுக்கையை.

சியா பூன் ஹெங், எழுபத்தொன்று.
இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.
வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் எழுதி
பதினோரு நாள் ஆகியிருந்தது.
காலைக் கூட்டத்தில் அவருக்குப் பெயர் கிடையாது.
"பதினாலு இன்னுமா?" என்பார்கள்.
என்னைப் பார்ப்பார்கள்.

சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்திரண்டு.
தெக் வாய் வாடகை வீட்டின் குளியலறைக் கதவு
திறந்து நின்றால் ஐம்பத்தெட்டு.
மற்றவர்கள் பையில் உதட்டுச்சாயம் வைக்கும் இடத்தில்
நான் அளவு நாடா வைத்திருக்கிறேன்.
மூன்று முறை அளந்தேன்.
நாடாவுக்கு இரக்கம் தெரியாது.
நான்கு சென்டிமீட்டர்.
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
அதற்குள் சிக்கி நின்றன
ஸ்கேன், மாத்திரை, மெடிசேவ் கணக்கு,
அவசரப் பிரிவில் கட்டிலுக்குக் காத்திருந்த
யாரோ ஒருவரின் இரவு.

கதவைக் கழற்றித் திரை போட்டால்
ஐந்து கிடைக்கும் என்றார் குத்தகையாளர்,
காது குடைந்துகொண்டே.
கிடைக்கும்தான்.
ஆனால் அந்த ஓரறை வீட்டில்
இன்னொருவரும் இருந்தார்.

வீராசாமி, அறுபத்தெட்டு.
குடும்பம் இல்லாத இருவரை
வீவக ஒரு சாவியில் கட்டிவைத்திருந்தது.
தரையின் நடுவே சிவப்பு டேப்.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
மின்விசிறியை யார் நிறுத்தியது என்பதில் ஆரம்பமாம்.

இரண்டாம் முறை போனபோது
பையிலிருந்து எந்தத் தாளையும் எடுக்கவில்லை.
"அரசாங்கமா?"
"ஆஸ்பத்திரி."
"அவன் செத்துட்டானா?"
"இல்ல."
ஒரு மூச்சு விட்டார்.
அது எந்த வகை மூச்சென்று
எந்தக் கட்டத்தில் குறிப்பது, இன்னும் தெரியவில்லை.

கதவைப் பற்றிச் சொன்னேன்.
நான்கு சென்டிமீட்டரைச் சொன்னேன்.
அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.
(இதற்கு எந்தப் பயிலரங்கிலும் சான்றிதழ் தருவதில்லை.)
கீழே குப்பை லாரி வந்து, நின்று, போனது.
"கழட்டு" என்றார்.
"ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும்
நான் கீழ காப்பிக்கடையில இருப்பேன்.
நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாத."

சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்த ஹொக்கியன் இருபது சொல்.
கதவு இல்லை, காலை ஏழு, ஆள் இல்லை
என்று கையாலும் வாயாலும்
பதினான்காம் படுக்கைக்கு விளக்கினேன்.
பூன் ஹெங் வெகுநேரம் சன்னலைப் பார்த்தார்.
பிறகு சுத்தமான மலாயில்,
இத்தனை நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மலாயில்,
"அவனுக்கு இனிப்பு நீர். காப்பி கோசோங்தான் கொடுக்கணும்.
கடைக்காரனிடம் சொல்லிவை" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடு போனார்.
பதினொன்று நாற்பதுக்கு
பதினாலில் வேறு ஆள்.
மறுநாள் கூட்டத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.
நன்றாகச் செய்தால் அப்படித்தான்.

முதல் வரிக்கு மூன்று போட்டேன்.
நான்கு போட்டிருக்கலாம்;
அந்த எண்ணின் மேல் கொஞ்ச நாளாகக் கோபம்.
விளக்கக் கட்டம் இருநூறு எழுத்துதான் ஏற்கும்.
சிவப்பு டேப் அதில் கொள்ளவில்லை.
பயிற்சித் தேவை என்ற இடத்தில்
ஹொக்கியன் என்று எழுதி,
அடித்து,
புதிய அளவு நாடா என்று எழுதினேன்.
பழையதில் ஆரம்ப எண்கள் அழிந்துபோயின.

நூருல் ஹூடா எட்டிப் பார்க்கிறாள்:
"பதினாலுக்கு மகள்கள் வந்திருக்கிறார்கள்.
மூன்று பேர்.
மூன்று பேரும் தனித்தனியாகத்தான் பேசுவார்களாம்."

மீ கோரிங்கை மூடிவைக்கிறேன்.