நூல் எரித்துப் பார்த்தல்

பங்குனி வெயில்.
மின்சார நிலைய வீதியில் என் பேல்கடைக்குள்
மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது யாரோ கழற்றிய பனிக்காலம்.
ஒஸ்லோவுக்கு விசா கிடைத்த ஜெறோம்
பிடரி வியர்க்க நின்று சுவெட்டர் பிரட்டுகிறார்.

கைக்கு மெத்தென்றால் உடனே நம்பாதேங்கோ அண்ணை.
கடையில் கூடக் குழைவது
ஒரு மாரிக்குள் உருண்டை கட்டும்.
விளிம்பை இழுத்து விடுங்கோ,
பழைய இடத்துக்கு வருகுதா?
வெளிச்சத்தில் பிடியுங்கோ.
முழங்கைக்குள்ளால் எதிர்க்கடைப் பலகை வாசிக்கலாமெண்டால்
கீழே வையுங்கோ.
லேபலோ?
அதையும் ஒரு ஊசிதானே தைத்தது.

பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தார்.
"இதைப்போல இன்னொண்டு வேணும்.
தங்கச்சி அனுப்பினது. அசல் காஷ்மீர்.
விடிய நாலு மணிக்கு ஒபிஸ் கூட்டப் போறவ."

உள்மடிப்பில் ஓரிழை உருவி
நெருப்புக்குச்சி தட்டினேன்.
கம்பளி மயிராய்க் கருகும்,
விரலில் பொடியும்.
இது உருகி
ஒரு கடுகளவு கறுத்த மணியானது.
பொலித்தீன் மணம்.

"நல்லதுதானே?"

மணியைக் காலால் தள்ளினேன்.
"குளிர் தாங்கும்" என்றேன்.
முழுப்பொய் இல்லை.

பிறகு அடிமூட்டையிலிருந்து,
பூச்சி அரித்த ஒற்றை ஓட்டையோடு
மெல்லிய ஆட்டுக்கம்பளி ஒன்று.
பாதி விலை.
இதை உள்ளுக்குப் போடுங்கோ அண்ணை.
தங்கச்சியின்ரை வெளியாலை.
எயார்போட்டில் அவ அதைத்தான் தேடுவா.