நிலத்துக்கு அடித்தல்

என் மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஐந்து ஆணிகளும் இருக்கின்றன.
கச்சேரிப் படியில் வழுக்கிய அன்று
கையை ஊன்றினேன், அவ்வளவுதான்.
"ஊன்றாமல் விட்டிருந்தால் முறிஞ்சிராது" என்றார் டொக்டர்,
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி.
ஊன்றாமல் எப்படி விழுகிறதாம்?

அதைக் கேட்கத்தான்
உவர்மலையில் ஒரு பழைய மண்டபத்தில்
செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஐந்தரைக்கு
பத்து வயதுப் பெடியளின் வரிசையில் கடைசியாக நிற்கிறேன்,
நாற்பத்தெட்டு வயதில், வெள்ளைப் பட்டியோடு.

ஜூடோ பழக்குகிறவள் ஷிஃபானா.
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
வயது இருபத்துமூன்று.
என்னை மரியாதையாக "மிஸ்" என்பாள்,
பிறகு தூக்கிப் போடுவாள்.

தூக்கிப் போட்டது நாலாம் மாதம்.
அதுவரைக்கும் விழுகை மட்டும்.
குந்தியிருந்து விழு. நின்று விழு. நடந்து வந்து விழு.
நாடியை நெஞ்சோடு ஒட்டு, பட்டியின் முடிச்சைப் பார்,
மூச்சை வெளியே விடு,
முதுகு படுகிற அதே கணத்தில்
கையை விரித்துப் பாய்க்கு ஓங்கி அடி.
வந்த அடி பாய்க்குப் போகட்டும்.
நீ வைத்திருக்காதே.

ஆனால் முதல் நாள்
அவள் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை.
"விழுங்க பாப்பம்" என்றாள்.
விழுந்தேன்.
குப்புற. முழங்கை இரண்டும் நிலத்தில்,
பெருவிரல்கள் காதுக்குள்,
வாய் திறந்தபடி.
பெடியள் சிரித்தார்கள்.
"இது எந்த ஊர் விழுகை மிஸ்?"

இந்த ஊர்தான்.
பன்னிரண்டு வயதில் பழகினது.
வகுப்பு ஒருவரும் வைக்கவில்லை,
சத்தம் கேட்டதும் வந்துவிட்டது.

பாயின் மறுகரையில்
இரும்புக்கடை யோகதாசனும் அப்படியே கிடந்தார்,
காதில் விரலோடு, வாயைத் திறந்துகொண்டு.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பாயில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன்.
இருவரும் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு,
மல்லாக்க விழப் பழகத் தொடங்கினோம்.

மல்லாக்க விழுவது லேசில்லை.
வானத்துக்கு வயிற்றைக் காட்டவேணும்.
கழுத்து மாட்டேன் என்றது, நாரி மாட்டேன் என்றது,
ஆணி ஐந்தும் ஒரே குரலில் மாட்டேன் என்றன.
வாசலில் ஒரு புள்ளிமான்
லஞ்ச் ஷீட்டைச் சப்பியபடி எங்களைப் பார்த்தது,
தன் இனத்தில் ஒருவரும்
காசு கட்டி விழுவதில்லை என்பதுபோல.

வெள்ளி இரவுகளில்
சித்தாலேப மணத்தோடு படுத்தேன்.

ஒருநாள் கோணேசர் மலைக்குப் போயிருந்தோம்.
இராவணன் வெட்டில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கீழே, பாறையில் உடைகிற கடலைப் பார்த்தார்கள்.
நானும் பிடித்தேன், இரண்டு கையாலும்.
அடுத்த வகுப்பில் அதைச் சொன்னேன்.
ஷிஃபானா தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"மிஸ், நீங்க நிக்கிற உயரத்துக்கு மட்டும்தான்
நான் பொறுப்பு."

போன ஞாயிறு, மீன் சந்தை.
பாரை கழுவின தண்ணியில் கால் போனது.
கை முன்னே வரவில்லை.
நாடி தானாகப் போய் நெஞ்சில் ஒட்டியது,
மூச்சு போனது, பிறகு
சீமெந்தில் ஓங்கி ஓர் அடி,
சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அடி.
பையிலிருந்த சூடைமீன் நாலு பக்கமும் சிதறியது.

தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன் குனிந்து கேட்டான்:
"விழுந்தது நீங்கள்.
நிலத்துக்கு ஏனக்கா அடிச்சனீங்கள்?"

பதில் இருந்தது, நீளமானது.
அண்ணாந்து கிடந்தேன்.
தகரக் கூரையில் ஓர் ஓட்டை,
அதற்குள் வானம்,
அதில் ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் கிடந்து பார்த்தேன்.
ஒன்றுமில்லைத்தான்.

எழும்பிச் சூடையைப் பொறுக்கினேன்.
ஒன்பது குறைந்தது.