கள்ளு

திருவள்ளூரில் ஒருநாள் பயிற்சி.
காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார்கள்.
ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் பரிசு,
ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.
முனிலட்சுமி வரவில்லை.
ஒப்பந்தத் துப்புரவுக்குப் பயணப்படி கிடையாது.

அது ஆவணி.
ஐப்பசியில் ஆரணியாறு பெருகி
தரைப்பாலம் மூழ்கிய இரவு
நாகலாபுரம் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.
இறக்கியவன் நிற்கவில்லை, சரிந்தான்.
கேட்டதற்கெல்லாம் நாக்கு குளறியது.
கூட வந்தவள் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டு
"கள்ளு, கள்ளு" என்றாள்.

மது அருந்தியுள்ளார்.
எழுதியது என் கை.
வாடையே இல்லையே என்று தோன்றியது.
தோன்றியதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.
போன மாதம் ஒன்றைச் சொல்லப்போய்
"டாக்டர் நீங்களா, நானா?" என்று
அருள்நம்பி கேட்டிருந்தார்.
காரைக்குடிக்காரர். வந்து மூன்று மாதம்.
நல்லவர்தான். தூக்கம் போதாதவர்.

மழைக்காலம் என்பதால்
ரத்தம் மட்டும் எடுக்கச் சொன்னார்.
லேப் தியோடர் கண்ணாடிக் குழாயை
அசைக்காமல் நிறுத்தி
இருபது நிமிடம் கடிகாரம் பார்த்தான்.
சாய்த்தான்.
"உறைஞ்சிருச்சு சார். பாம்பு இல்ல."
காகிதமும் குழாயும் ஒரே பக்கம் நின்றன.
குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைக்க வேண்டியதுதான்.

வாசல் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த
முனிலட்சுமியின் மாப்பு நின்றது.
அவள் பிறந்த ஊர் சத்தியவேடு.
"சார், அந்தம்மா குடிக்கிற கள்ளச் சொல்லல.
எங்க பேச்சுல கள்ளுன்னா கண்ணு.
கண்ணு தானா மூடிக்குதாம் அவருக்கு.
ராத்திரி தரையில படுத்தாராம்."

எந்த வாக்கியம் வரும் என்று எனக்குத் தெரியும்.
அது வரவில்லை.
"டார்ச் குடுங்க" என்றார்.

இரண்டு இமையும் பாதியில் தொங்கின.
தூக்கச் சொன்னால் நெற்றிதான் சுருங்கியது.
கட்டுவிரியன்.
கடித்த இடம் தெரியாது.
ரத்தத்தை விட்டுவிட்டு மூச்சுக்குப் போகும்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது.
மருந்து அலமாரிச் சாவியோடு வேதவல்லி
வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.
பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு ஏறியது.
ஏறும்போதே நெஞ்சு எழுவது குறைந்தது.
முகமூடியைப் பொருத்தி
அம்பு பையை அமுக்கத் தொடங்கினார் டாக்டர்.
ஆற்றைச் சுற்றி வரவேண்டும் ஆம்புலன்ஸ்,
இரண்டரை மணி நேரம் என்றது போன்.

ஒரு கை எவ்வளவு நேரம் அமுக்கும்?
டாக்டர், நான், தியோடர், வேதவல்லி,
இரவுக் காவலர் ஜக்கரியா.
கை மாறும்போது ஒரு மூச்சும் தவறக் கூடாது.
தலைமாட்டில் நின்று எண்ணிக் கொடுத்தாள் முனிலட்சுமி:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
மூடு என்றால் மூன்று.
யாரும் எதையும் மூடவில்லை.
அவள் எண்ணிக்கையில் நாங்கள் அமுக்கினோம்,
அவன் மூச்சு விட்டான்,
மனைவி கூடவே உதட்டசைத்தாள்.

நான்கு இருபதுக்கு வண்டி வந்தது.
பதினோராம் நாள் சென்னையிலிருந்து தகவல்:
கண் திறந்தான், கஞ்சி கேட்டான்.

கேஸ் ஷீட்டில் அந்த வரியை டாக்டர் அடித்தார்.
பக்கத்தில் கையெழுத்து போட்டார், அவருடையதை.
என்னுடையதைக் கேட்கவில்லை.
"வாடை பத்தி அன்னிக்கே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.
"தெரியும் சார்."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
"சொல்ல விடாம வச்சிருந்தேன், இல்ல?"

இப்போது ஷிப்ட் மாறும்போது
ஐந்து நிமிடம் எல்லோரும் நிற்கிறோம்.
முதலில் பேசுவது முனிலட்சுமி.
இரண்டு நாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
மூன்றாம் நாள் சொன்னாள்:
"நாலாம் கட்டில் தாத்தா
நேத்துலேர்ந்து தண்ணி பாட்டில தொடல."

என் பரிசு டம்ளரை அவளிடம் கொடுத்தேன்.
பிளீச்சிங் பவுடர் அளக்க வைத்திருக்கிறாள்.